குறைப் பட்டியல்

அந்த டேப்பை நான் தொட்டிருக்கவே கூடாது. தொட்டது மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்த நேரத்தில். அன்றிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி செய்து கொடுப்பது என் தொழில். விளையாட்டுப் படங்கள் சேர்ப்பது என் வியாதி. வியாதி என்று பெயர் வைத்தவள் என் மனைவி. காலண்டர் படம், போஸ்டர் எல்லாம் என் பக்கம் வரக் கூடாது. பேர் பெற்ற ஓவியர்கள் தங்கள் கையால் கல்லிலோ செப்புத் தகட்டிலோ வரைந்து, நல்ல தாளில் ஐம்பது அறுபது பிரதி மட்டும் அச்சடித்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்தும் போட்டு, அதோடு அந்தக் கல்லையே அழித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட தாள்கள் என்னிடம் முப்பத்தெட்டு இருக்கின்றன. ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், மூக்கு உடைந்த குத்துச்சண்டைக்காரர்கள், பந்தயக் குதிரைகள். "இந்த வீட்ல சாப்பிடறவங்க ரெண்டு பேரு, சுவத்துல ஓடறவங்க நாப்பது பேரு" என்பாள் அவள்.

எங்கள் ஊரில் இந்த வியாதி பிடித்தவர்கள் ஐந்து பேர். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஆளுக்கு ஒரு படம் கொண்டுவந்து, சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்வோம். ஒரு வருஷம் அடுத்தவர் படம் நம் சுவரில் இருக்கும். கொடுப்பவர் தன் படத்தில் இருக்கும் கறை, மடிப்பு, கிழிசல் எல்லாவற்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதித் தருவார். அதற்குக் குறைப் பட்டியல் என்று பெயர். வாங்குகிறவர் அதைச் சரிபார்க்க மாட்டார். கொடுத்தவர் எதிரிலேயே லென்ஸை எடுத்து நீட்டுவது, விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டில் தட்டைத் துடைத்துப் பார்ப்பது மாதிரி. ஃபிரேமைத் திறக்கவும் கூடாது. வருஷக் கடைசியில் எல்லார் முன்னாலும் ஃபிரேமைக் கழற்றி, சொந்தக்காரர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். புதிதாக ஏதாவது இருந்தால், வாங்கினவர் குழுவில் இருக்கலாமா போகலாமா என்பதை அவரே சொல்லுவார். அப்பீல் கிடையாது. இதுவரை ஒருத்தரைத்தான் அனுப்பியிருக்கிறோம். அடுத்தவர் படத்தைச் சமையலறையில் மாட்டிய மகானுபாவர் அவர். அவரை அனுப்பச் சொல்லி மேஜையைத் தட்டிக் கத்தியவன் நான்தான்.

போன வருஷம் எனக்குச் சீட்டில் விழுந்தது அம்பயர் அண்ணனின் படம்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரை ஊருக்குத் தெரிவது உள்ளூர் கிரிக்கெட்டில் முப்பது வருஷமாக நடுவராக நிற்பவர் என்றுதான். எங்களில் மற்ற நாலு பேரிடமும் படங்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. அவரிடம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்ணை விட்டு அனுப்ப மனமில்லாமல் பல வருஷம் குழுவுக்கு வராமலே இருந்தார். "அட, என் வீட்டுச் சுவரா இருந்தாலும் உங்க சுவர் மாதிரிதாண்ணே" என்று பேசிப் பேசி அவரைச் சேர்த்துவிட்டது நான். சீட்டில் படம் என் பேருக்கு வந்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

படம் இதுதான்: உயரம் தாண்டும் ஒரு பெண். அதை வரைந்த ஓவியருக்கு எங்கள் குழு வைத்த பட்டப்பேர் கம்பிக்காரம்மா. அவர் எதை வரைந்தாலும் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். அந்தப் பெண்ணின் முதுகு வில்லாக வளைந்து கம்பிக்கு மேலே நிற்கிறது. கம்பியை மட்டும் ஓவியர் நெருக்கமான இரண்டு கோடுகளாகப் போட்டிருக்கிறார். அது ஆடுகிறதா, அப்படியே இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. கீழே பென்சிலில் 22/60, வலது பக்கம் கையெழுத்து. அம்பயர் அண்ணன் தன் குண்டு எழுத்தில் குறைப் பட்டியல் எழுதித் தந்தார். மூன்றே வார்த்தை. 'ஒரு குறையும் இல்லை.'

பதினோரு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. என் கொழுப்புத்தான் கெடுத்தது. தூசி தட்டச் சுவரிலிருந்து கழற்றியபோது ஃபிரேமின் பின்புறத்தைப் பார்த்தேன். ஏதோ மட்டமான அட்டை. ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது. அந்த மாதிரி அட்டை தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷருக்கு இருப்பதே ஒரு படம், அதையும் இப்படி ஒரு குப்பை அட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறானே ஃபிரேம் கடைக்காரன் என்று ஆத்திரம் வந்தது. அட்டையை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அவருக்குத் தெரியக்கூட வேண்டாம். விதியெல்லாம் விஷயம் தெரியாதவர்களுக்குத்தானே! திறந்தேன்.

மேல் மூலைகள் இரண்டிலும் பழைய காகித டேப். மனைவியின் முடி உலர்த்தியால் சூடு காட்டி, மெல்லிய கத்தியை உள்ளே விட்டேன். இடது மூலை அழகாக வந்தது. வலது மூலை வரவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் சூடு காட்டியிருக்கலாம். எனக்குப் பொறுமை ஏது? இழுத்தேன். டேப் வந்தது, தாளும் சேர்ந்து வந்தது. அரை விரல் நீளத்துக்குக் கிழிசல்.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். பின்பக்கமாக மெல்லிய பசைத்தாள் வைத்து, கிழிந்த விளிம்புகளை இழைக்கு இழை சேர்த்து ஒட்டினேன். முன்னால் இருந்து பார்த்தால் எனக்கே தெரியவில்லை. அந்த வேலையோடு நிறுத்தியிருந்தால் அதைத் தவறு என்று மட்டும் சொல்லலாம். ஆனால் திறந்தது தெரியாமல் இருக்க, தாளை அதே பழைய அட்டையில் ஒட்ட வேண்டுமே. தெருமுனைக் கடையில் போய், எந்த டேப்பைப் பார்த்தால் என் ரத்தம் கொதிக்குமோ அதே டேப்பை வாங்கி வந்தேன். அது வெள்ளை வெளேரென்று இருந்தது. டீ டிகாஷனில் பஞ்சை நனைத்து அதன் மேல் தடவிப் பழுப்பாக்கினேன்.

மனைவி வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"என்ன, டேப்புக்கு டீ ஊத்தறீங்க?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏங்க, இப்பவே போன் பண்ணிச் சொல்லிருங்க. அவரு நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"நல்ல மனுஷனா இருக்கறதுதாண்டி பிரச்சினை" என்று எரிந்து விழுந்தேன். அவள் முடி உலர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் அவரே கடைக்கு வந்தார். படத்துக்காக வரவில்லை.

"தம்பி, என் கண்ணை நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மனசு நோகக் கூடாதுன்னு எதையும் மறைக்காதீங்க."

நடந்தது இதுதான். லீக்கின் கடைசி ஆட்டம், கடைசி ஓவர். ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும். அடித்தவன் அந்த அணியின் இளம் கேப்டன்; இரண்டாவது ரன்னுக்கு ஓடி வந்த அவனை அம்பயர் அண்ணன் ரன் அவுட் கொடுத்துவிட்டார். மட்டை கோட்டைத் தாண்டிவிட்டது என்று அந்த அணி முழுக்கக் கத்தியது. மைதானத்தில் கேமரா ஒன்றும் கிடையாது. அவர்கள் நடுவர் சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள்: இந்த அம்பயருக்குக் கண் போய்விட்டது, இவரை எடுங்கள் என்று. சங்கத் தலைவர் இவரிடம் பதில் கேட்டிருக்கிறார். கொடுத்த தீர்ப்பில் நிற்கிறீர்களா, தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்களா? ஒத்துக்கொண்டால் முப்பது வருஷமாகப் போட்ட வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

"மட்டை கோட்டுக்கு ஒரு விரல் அளவு வெளிய இருந்துச்சு தம்பி. என் கண்ணால பாத்தேன். ஆனா அத்தனை பேரு கத்தும்போது..." என்று நிறுத்தினார்.

பரிசோதித்தேன். தூரப் பார்வை அவ்வளவு துல்லியம். கடைசி வரியைத் தாண்டி, பலகையின் அடியில் அச்சகத்தின் பெயரை வாசித்தார். கிட்டத்தில் படிக்க மட்டும் கொஞ்சம் சிரமம், அந்த வயதில் யாருக்கும் வருவது. படிப்பதற்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தேன். "உங்க கண்ணு கழுகுக் கண்ணுண்ணே, தைரியமா தீர்ப்புல நில்லுங்க" என்றேன். அவருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. நண்பன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று யோசிப்பது தெரிந்தது.

எழுந்து போகும்போது கேட்டார்: "நம்ம புள்ள எப்படி இருக்கா?"

படத்தைத்தான் கேட்டார். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது.

"சுகமா இருக்காண்ணே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாங்கள் கூடுவது லேப் அம்மாவின் இடத்தில். ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர். விடுமுறை நாளில் அங்கே உள்ள நீள வெள்ளை மேஜை எங்களுக்கு. பல் டாக்டரும் அச்சகக்காரரும் முன்னமே வந்து படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. படத்தைத் தொட வேண்டுமே என்று கைக்குட்டையில் துடைத்துத் துடைத்து, கைக்குட்டையே ஈரமாகிவிட்டது.

என் படம் அம்பயர் அண்ணனிடம் போயிருந்தது, ஒரு நீச்சல் வீரன். முதலில் அதைப் பார்த்தோம். என் பட்டியலில் எழுதியிருந்த ஒரே ஒரு மடிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

"வெயில் பட்டுரக் கூடாதுன்னு அந்த ஜன்னலை ஒரு வருஷமா நாங்க தொறக்கவே இல்ல" என்றார் அவர். "வீட்ல திட்டு வாங்கினேன். புழுக்கம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்தது அவர் படம். பல் டாக்டர் ஃபிரேமைக் கழற்றி, அட்டையோடு படத்தை மேஜையில் வைத்தார். அம்பயர் அண்ணன் நான் செய்து கொடுத்த புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். லென்ஸ் கேட்கவில்லை. மெதுவாகக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனார். கையெழுத்து, எண், பெண்ணின் கால், முதுகு, கம்பி. அவர் விரல் தாளைத் தொடாமல் வலது மேல் மூலைக்கு நேரே வந்து நின்றது.

"இங்க ஒரு கிழிசல் இருக்கே" என்றார்.

லேப் அம்மா குனிந்து பார்த்தார். "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே." விளக்கைச் சாய்த்து, லென்ஸை வைத்துப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. "ஆமா. ஒட்டியிருக்கு. பட்டியல்ல என்ன இருக்கு?"

அச்சகக்காரர் வாசித்தார். "ஒரு குறையும் இல்லை."

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்பயர் அண்ணன் கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினார்.

"அவரை ஏன் பாக்கறீங்க? தம்பி அப்படிச் செய்யற ஆளா? பின்னாடி டேப்பைப் பாருங்க முதல்ல."

அச்சகக்காரர் அட்டையிலிருந்து தாளின் மூலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். காகிதத்திலேயே பிழைப்பு நடத்துகிறவர், கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். "டேப் நல்லாப் பழுத்திருக்கு. இது ரொம்ப வருஷத்துக்கு முந்தி ஒட்டினது" என்றார்.

என் டிகாஷன் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அப்ப வாங்கும்போதே இருந்திருக்கு" என்றார் அம்பயர் அண்ணன். "வித்தவன் ஒட்டி வித்திருக்கான். இத்தனை வருஷமா தினம் பாத்தேன், என் கண்ணுல படல. போன வருஷம் லென்ஸ் வெச்சுப் பாத்து எழுதினேன், அப்பவும் படல. இப்பப் புதுக் கண்ணாடி போட்டதும் பளிச்சுனு தெரியுது."

பேனாவை வாங்கி, தன் மூன்று வார்த்தையைக் கோடு போட்டு அடித்தார். அதன் கீழே, 'மேல் வலது மூலையில் பழைய கிழிசல். நான் கவனிக்கத் தவறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கிட்டத்துல பாக்கறது வேற, தூரத்துல பாக்கறது வேறண்ணே" என்றேன். "தூரத்துக்கு உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் பாத்தேனே."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. 

"நீங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னீங்க தம்பி. எனக்கு அப்பவே தெரியும். மேஜை மேல வெச்சுக்கிட்டு, கையில லென்ஸையும் வெச்சுக்கிட்டு, அரை விரல் கிழிசலைப் பாக்காதவன், இருபத்திரண்டு கஜம் தள்ளி ஒரு விரல் இடைவெளியை எங்க பாத்திருப்பேன்? பாவம், அந்தப் பையன் அன்னிக்கு அழுதுட்டான்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தலைவருக்குப் பதில் சொல்லணும். இப்பவே சொல்லிடறேன். தப்புன்னா தப்புதான்."

பல் டாக்டர் ஃபிரேமின் ஆணிகளை எண்ணுவது போல் குனிந்துகொண்டார். அம்பயர் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைத் தேடினார். கிடைத்தது. காதில் வைத்தார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு. யாரும் எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, எடுக்காமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மூன்று. "அலோ, சொல்லுங்க" என்று ஒரு குரல் வந்தது.

"தலைவரே, அந்த ரன் அவுட் விஷயம்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"நான்தாண்ணே கிழிச்சேன்" என்றேன்.

கத்திவிட்டேன் போலிருக்கிறது. போனில் இருந்த ஆளுக்கும் கேட்டிருக்கும்.

"மூணு வாரம் முன்னாடி. ஃபிரேமைத் திறந்தேன். டேப்பை இழுத்தேன், கிழிஞ்சிருச்சு. ஒட்டினது நான். அந்த டேப் புதுசு, டிகாஷன் தடவியிருக்கேன். நக்கிப் பாத்தாத் தெரியும்."

அச்சகக்காரர் நக்கவில்லை, மூலையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தலையை ஆட்டினார்.

அம்பயர் அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"அப்ப போன வருஷம் இந்தக் கிழிசல் இல்ல?"

"இல்லண்ணே."

"நான் பட்டியல் எழுதின அன்னிக்கு இல்ல?"

"இல்ல. ஒரு குறையும் இல்ல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பத்து வயது குறைந்தது. போனில் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக:

"தலைவரே, அவன் அவுட்டுதான். எத்தனை பேரு எழுதிக் குடுத்தாலும் அவுட்டுதான். நான் பாத்தேன். வெச்சுடறேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பல் டாக்டரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கும் மூச்சு வந்தது; எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு அடங்கியது.

"கடையில கண்ணு பாத்தீங்களே, அன்னிக்கே இது கிழிஞ்சிருந்துச்சா?"

"ஆமா."

"தாள் கிழியறது சகஜம். உங்க கையில கிழிஞ்சா என் கையிலயும் கிழிஞ்சிருக்கும். ஆனா இப்ப, இந்த மேஜையில, நான் என் கண்ணையே சந்தேகப்பட்டு என் கையால எழுதினேன். அதை எதிர்ல உக்காந்து பாத்துட்டிருந்தீங்க."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தம்பி போடுகிற மனுஷர். அதில் ஒரு தம்பிகூட இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து, அங்கே இருக்கவே கூச்சப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது.

லேப் அம்மா தொண்டையைச் செருமினார். "விதிப்படி சொந்தக்காரர்தான் சொல்லணும். இவரு குழுவுல இருக்கலாமா, வேண்டாமா? நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் திறந்திருக்காரு. கடைசியில ஒத்துக்கவும் செஞ்சாரு. நீங்க பெரியவரு, யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் அதிகம் யோசிக்கவில்லை. பட்டியலை எடுத்து, தான் கோடு போட்டு அடித்த வரிக்கு மேலே அதே மூன்று வார்த்தையைத் திரும்ப எழுதினார். பேனாவை மூடினார்.

"சந்தேகம் இருந்தா அதோட பலனை பேட்ஸ்மேனுக்குக் குடுக்கணும். முப்பது வருஷமா அப்படித்தான் குடுத்திருக்கேன்" என்றார். "இதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

நான் எழுந்து நீச்சல் வீரனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தேன். அவுட் கொடுத்த பிறகும் கிரீஸ் கோட்டில் நின்று முறைப்பவர்களை அவருக்குப் பிடிக்காது.